எத்திலம்மோனியம் நைட்ரேட்டில் சி12இ6: முதல் புட்டியில் தெரிந்த திரவப் படிகம் இரண்டாம் புட்டியில் ஏன் காணவில்லை?

படிகவிழி எழுதியது:

வணக்கம். பத்து நாட்களாக ஒரே சிக்கலில் நிற்கிறேன்.

அயனியற்ற பரப்புச் செயலிகள் (நீரை விரும்பும் தலையும் எண்ணெய் போன்ற வாலும் கொண்ட, மின்னூட்டம் இல்லாத, சோப்பு போன்ற மூலக்கூறுகள்) அயனித் திரவத்தில் (தாழ்ந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பில்) திரவப் படிகமாக, அதாவது பாயக்கூடிய ஆனால் ஒழுங்கான அமைப்பாக, அடுக்கமைகின்றனவா என்பது என் ஆய்வின் முதல் கேள்வி. எடுத்துக்கொண்ட பரப்புச் செயலி சி12இ6. 12 கார்பன் கொண்ட வால், 6 எத்திலீன் ஆக்சைடு அலகுகள் கொண்ட தலை. கரைப்பான் எத்திலம்மோனியம் நைட்ரேட், நானே தயாரித்தது.

செய்முறை எளியது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி பரப்புச் செயலி, மேலே மூடு வில்லை. ஓரத்தில் கரைப்பானை விட்டால் அது உள்ளே ஊறிச் செல்லும். ஒரு பக்கம் தூய கரைப்பான், மறுபக்கம் தூய பரப்புச் செயலி. இடையில் எல்லாச் செறிவுகளும் வரிசையாக வந்துவிடும். தளவிளைவு நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தச் செறிவில் எந்த நிலைமை என்பது பட்டை பட்டையாகத் தெரியும். நீரை விட்டபோது அப்படியே தெரிந்தது: விசிறிக் கோலத்தோடு அறுகோண நிலைமை (அறுகோண வரிசையில் நிற்கும் உருளைகள்), அடுத்து இருண்ட கனசதுரப் பட்டை, அதற்கப்பால் அடுக்கு நிலைமை.

முதல் புட்டி எத்திலம்மோனியம் நைட்ரேட்டை விட்டபோது மெல்லிய ஒளிப்பட்டை ஒன்று தெரிந்தது. மகிழ்ந்து போனேன். இரண்டாம் புட்டியைத் தயாரித்து, இன்னும் கவனமாக உலர்த்தி, மறுபடி பார்த்தால் முழு இருட்டு, அதாவது ஒளிரும் திரவப் படிகம் எதுவும் இல்லை. அதே பரப்புச் செயலி, அதே நுண்ணோக்கி, அதே அறை வெப்பநிலை. எதை நம்புவது?

உப்போடை எழுதியது:

இரண்டு புட்டிகளிலும் நீரின் அளவைப் பார்த்தீர்களா?

படிகவிழி எழுதியது:

இரண்டாவதில் மட்டும் பார்த்தேன். கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தலில் 0.3 விழுக்காடு. முதல் புட்டியைச் சுழல் ஆவியாக்கியில் இரண்டு மணி நேரம் வைத்ததோடு சரி. இரண்டாவதை அதற்குப் பின்னும் வெற்றிடத்தில் நைட்ரஜன் குமிழ்களைச் செலுத்தி இரண்டு நாள் உலர்த்தினேன். முதல் புட்டியில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாளை அளந்து சொல்கிறேன்.

உப்போடை எழுதியது:

அளப்பதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 விழுக்காட்டு எத்திலமீன் கரைசலையும் 69 விழுக்காட்டு நைட்ரிக் அமிலத்தையும்தான் கலந்திருப்பீர்கள். ஒரு மோல் உப்புக்கு அமீன் பக்கத்திலிருந்து 19 கிராம் நீரும் அமிலப் பக்கத்திலிருந்து 28 கிராம் நீரும் வருகின்றன. உப்பு 108 கிராம், நீர் ஏறத்தாழ 47 கிராம். உலர்த்தத் தொடங்கும்போதே எடையில் 30 விழுக்காடு நீர். இரண்டு மணி நேரத்தில் அது முழுதும் போயிருக்காது. எனவே இரண்டாம் புட்டிதான் உண்மை பேசுகிறது என்று நினைக்கிறேன்.

ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எத்திலம்மோனியம் நைட்ரேட் புதிய பொருள் அன்று. 12 டிகிரி செல்சியசில் உருகும் இந்த உப்பைப் பற்றி 1914இலேயே பால் வால்டன் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் ஃபென்னல் எவன்சும் உடன் பணியாற்றியவர்களும் இதில் மைசெல்கள், அதாவது வால்களை உள்ளே மறைத்த பரப்புச் செயலித் திரள்கள், உருவாவதைக் காட்டினார்கள். நீரில் மட்டுமே நடக்கும் என்று பலர் கருதிய ஒன்று நீரே இல்லாத உருகிய உப்பில் நடந்தது. 2005இல் அராவோஸ், வார் என்ற இருவரும் நீங்கள் எடுத்த சி12இ6 குடும்பத்தைச் சேர்ந்த பரப்புச் செயலிகளையே எடுத்து, இதில் திரவப் படிகங்கள் உருவாவதைக் காட்டினார்கள். நீரில் காணும் ஒழுங்குகளே இதிலும் வருகின்றன. ஆனால் அதற்கு வால் நீளமாக இருக்க வேண்டும். நீரில் 12 கார்பன் செய்யும் வேலையை இங்கே செய்வதற்கு அதைவிட நீண்ட சங்கிலி தேவை.

காரணம் கரைப்பான் தன்னைத்தானே எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. எண்ணெய் வாலைக் கரைப்பான் வெளியே தள்ளுவது வாலின் மேலுள்ள வெறுப்பால் அன்று. தன் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடியை விட மனமில்லாததால். அந்தப் பிடியைத் தோராயமாக அளக்க கார்டன் எண் இருக்கிறது: பரப்பு இழுவிசையை மோலார் கனஅளவின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். நீருக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், மோலுக்கு 18 கன சென்டிமீட்டர், விடை (எஸ்ஐ அலகில்) 2.75. எத்திலம்மோனியம் நைட்ரேட்டுக்கு ஏறத்தாழ 47, 89, விடை 1.05. எத்திலீன் கிளைக்கால் 1.25 அருகில் வரும். பியூட்டைல்மெத்தில்இமிடசோலியம் டெட்ராஃபுளூரோபோரேட் 0.8ஐக்கூட எட்டாது.

நீரின் பிடியில் பாதிகூட இல்லாத கரைப்பானில் உங்கள் 12 கார்பன் வால் நிம்மதியாகக் கரைந்து நிற்கிறது. கொஞ்சம் நீர் சேர்ந்தால் பிடி கூடுகிறது, பட்டை தெரிகிறது.

தழல் எழுதியது:

முடிவோடு உடன்படுகிறேன். வழியோடு உடன்பட முடியவில்லை.

கார்டன் எண்ணில் இருப்பது பரப்பு இழுவிசை. அது பரப்பின் குணம். அயனித் திரவத்தின் பரப்பில் ஆல்கைல் குழுக்கள் காற்றை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நாம் அளப்பது பெரும்பாலும் அந்த எண்ணெய்த் தோலின் இழுவிசை. உள்ளே அயனிகளுக்கு இடையில் உள்ள பிடி அதைவிட வலுவானது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு நீரையும் உருகிய உப்பையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இன்னொன்று. எத்திலம்மோனியம் நைட்ரேட் சீரான திரவம் அன்று. ஆட்கினும் வாரும் 2008இல் நியூட்ரான் சிதறலைக் கொண்டு காட்டியபடி, அதற்குள்ளேயே முனைவுள்ள பகுதியும் முனைவற்ற பகுதியும் பிரிந்து நிற்கின்றன. இடைவெளி சுமார் 10 ஆங்ஸ்ட்ராம். புரோப்பைலம்மோனியம் நைட்ரேட்டில் அது சுமார் 12 ஆங்ஸ்ட்ராம், பிரிவும் இன்னும் தெளிவாக இருக்கிறது. கரைப்பானுக்குள்ளேயே எண்ணெய்ப் பசை உள்ள ஓர் இடம் தயாராக இருந்தால் பரப்புச் செயலியின் வால் மைசெல் கட்ட ஏன் மெனக்கெட வேண்டும்? அங்கேயே ஒண்டிக்கொள்ளும். அதனால்தான் புரோப்பைல் உப்பில் அடுக்கமைவு இன்னும் தளர்கிறது. சங்கிலியின் முனையில் ஒரு ஹைட்ராக்சில் உள்ள எத்தனாலம்மோனியம் நைட்ரேட்டில் இந்தப் பிரிவு மங்கிவிடுகிறது. அது பரப்புச் செயலிகளை நன்றாகவே அடுக்குகிறது. கரைப்பானின் உள்ளமைப்பைப் பாருங்கள். ஒற்றை எண் போதாது.

உப்போடை எழுதியது:

பரப்பில் ஆல்கைல் நிற்பதைப் பற்றிச் சொன்னது சரி. நான் அதை விட்டிருக்கக் கூடாது. ஆனாலும் புதிதாக ஒரு கரைப்பானைக் கையில் எடுப்பவருக்கு நியூட்ரான் உலை கிடைக்காது. பரப்பு இழுவிசையும் அடர்த்தியும் ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும். முதல் வடிகட்டலுக்கு கார்டன் எண்ணை நான் கைவிட மாட்டேன். நெருங்கிய இரண்டு உப்புகளை ஒப்பிடும் இடத்தில் உங்கள் வழியே சரியான வழி.

மழைத்துளி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், நான் இளங்கலை மாணவி. ஹெக்சாடெசைல்மெத்தில்இமிடசோலியம் குளோரைடு போன்றவை தாமாகவே திரவப் படிகம் ஆகின்றன என்று படித்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

தழல் எழுதியது:

வேறு வேறு. அங்கே அயனியிலேயே 16 கார்பன் வால் இருப்பதால் உப்பே பரப்புச் செயலியாகிவிடுகிறது. கரைப்பான் இல்லாமல், வெப்பநிலையை மாற்றினாலே அடுக்கு நிலைமை வரும். இங்கே பேசுவது, அயனித் திரவம் வெறும் கரைப்பானாக இருக்க, அயனியற்ற மற்றொரு மூலக்கூறு அதில் செறிவைப் பொறுத்து அடுக்கமைவது. நல்ல கேள்வி, தலைப்புகளில் இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படிகவிழி எழுதியது:

அளந்துவிட்டேன். முதல் புட்டியில் 11 விழுக்காடு நீர்.

அதோடு நிற்கவில்லை. இரண்டாம் புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, எடை பார்த்து, அதே 11 விழுக்காடு வரும்படி நீர் சேர்த்து மறுபடி தகட்டில் விட்டேன். ஒளிப்பட்டை திரும்பி வந்தது. உலர்ந்த பகுதியில் இன்றும் இருட்டுதான்.

நிம்மதியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. முதல் புட்டியின் படத்தை ஆய்வுக் கூட்டத்தில் காட்டிப் பேசியும்விட்டேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

வருத்தம் வேண்டாம். திருத்தத்தை அடுத்த கூட்டத்தில் நீங்களே முதலில் சொல்லுங்கள். நீரைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தீர்களே, அந்தச் சோதனை இல்லாமல் இது வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

11 விழுக்காடு என்று எடையில் சொல்லும்போது சிறிதாகத் தோன்றுகிறது. மோல் கணக்கில் நான்கு அயனி இணைகளுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள். அது மாசு அளவு அன்று, இன்னொரு கரைப்பான்.

இப்போது வெப்பநிலையைச் சொல்கிறேன். இங்கு யாரும் அதைத் தொடவில்லை. சி12இ6 நீரிலேயே அறுகோண நிலைமையில் சுமார் 37 டிகிரி வரைதான் தாங்கும். அறை வெப்பநிலைக்கும் அந்த ஒழுங்கு உருகிக் குலையும் வெப்பநிலைக்கும் இடையே பன்னிரண்டு டிகிரிதான் இடைவெளி. கரைப்பானின் பிடி பாதியானால் அந்த உருகுநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்குவதில் வியப்பில்லை. குளிர்வித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சி12இ6 அறை வெப்பநிலையை ஒட்டியே உறையும் பொருள். 12 டிகிரியில் கரைப்பானும் உறையும். இரண்டு படிகங்களுமே தளவிளைவு ஒளியில் பளிச்சென்று மின்னும். திண்மப் படிகத்தைத் திரவப் படிகம் என்று எண்ணி ஏமாற எளிய வழி அது. ஐயம் வந்தால் மூடு வில்லையை ஊசி முனையால் மெல்ல அழுத்துங்கள். திரவப் படிகம் பிசைந்து நகரும், கோலம் மாறி மெல்லத் திரும்பும். திண்மம் உடையும்.

நீண்ட வாலுக்குப் போங்கள். டான்ஃபோர்டின் சூத்திரப்படி முழுதும் நீண்ட 12 கார்பன் சங்கிலி 16.7 ஆங்ஸ்ட்ராம், 16 கார்பன் 21.7 ஆங்ஸ்ட்ராம். சி16இ6 கிடைத்தால் அதையே எடுங்கள். 45 டிகிரி அளவில் வைத்துப் பாருங்கள், உறைந்த பரப்புச் செயலியின் தொல்லை இருக்காது.

வணிகப் பெயரில் பெரிய டப்பாவில் வருவதை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அதில் எழுதியிருக்கும் எத்திலீன் ஆக்சைடு எண் சராசரிதான். உள்ளே குறுகிய தலையும் நீண்ட தலையும் கலந்து கிடக்கும், நிலைமை எல்லைகள் மங்கிவிடும். திறந்து பல மாதம் ஆன புட்டி என்றால் ஈதர் பிணைப்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடுகள் சேர்ந்திருக்கும். சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெண்சங்கு எழுதியது:

உலர்த்துவதைப் பற்றி எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள், ஆகவே ஓர் எச்சரிக்கை. எத்திலம்மோனியம் நைட்ரேட் நைட்ரேட் உப்பு. ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே உப்புக்குள் இருக்கின்றன. விரைவாக உலர வேண்டும் என்று அதிகமாகச் சூடாக்காதீர்கள். மிதமான சூடு, நல்ல வெற்றிடம், பொறுமை. அமிலத்தை அமீனோடு கலக்கும்போதும் பனிக்குளியலில், துளித் துளியாக. அமிலம் மிஞ்சக் கூடாது.

ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் உப்புகளுக்கு (மற்றொரு வகை அயனித் திரவங்கள்) தாவ நினைப்பவர்களுக்கும் ஒன்று: ஈரத்தோடு சூடானால் அந்த அயனி சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு வரும். கண்ணாடியை அரிக்கும், மனிதரையும் விடாது.

மழைத்துளி எழுதியது:

அப்படியென்றால் எத்திலம்மோனியம் நைட்ரேட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இமிடசோலியம் உப்புகள்தாம் எங்கும் பேசப்படுகின்றன.

உப்போடை எழுதியது:

எத்திலம்மோனியத்தில் நைட்ரஜன் மேல் மூன்று ஹைட்ரஜன்கள், நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன்கள். கொடுக்க மூன்று, வாங்க மூன்று. நீரைப் போலவே முப்பரிமாண ஹைட்ரஜன் பிணைப்பு வலை அமைகிறது. பரப்புச் செயலித் தலையின் ஈதர் ஆக்சிஜனும் அந்த வலையில் கை கோத்துக்கொள்கிறது. தலைக்கு விருந்தோம்பல், வாலுக்கு மறுப்பு. அடுக்கமைவுக்கு இரண்டும் வேண்டும். பியூட்டைல் இமிடசோலியம் உப்புகளில் அத்தகைய வலை இல்லை. அயனியே கொஞ்சம் எண்ணெய்த்தன்மை கொண்டது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட முடியாது. 2003இலேயே அவற்றில் மைசெல்கள் காட்டப்பட்டன. தொகுதிப் பலபடிகளைப் (வேறு வேறு இயல்புள்ள நீண்ட துண்டுகள் இணைந்த சங்கிலிகள்) போன்ற பெரிய மூலக்கூறுகள் அவற்றிலும் திரவப் படிகம் ஆகின்றன.

பயன் என்ன என்றும் கேட்பீர்கள். நீரில் கட்டிய திரவப் படிகம் திறந்து வைத்தால் உலர்ந்து சிதையும். அயனித் திரவம் ஏறத்தாழ ஆவியாகாது; ஆகவே கட்டிய ஒழுங்கு நூறு டிகிரிக்கு அப்பாலும் நிற்க வாய்ப்பு உண்டு. கரைப்பானே மின்சாரம் கடத்துவதால், அறுகோண நிலைமையின் உருளைகளை ஒரு திசையில் வரிசைப்படுத்தினால் அயனிகள் அந்தத் திசையில் எளிதாகப் போகும், குறுக்கே தடுமாறும்.

படிகவிழி எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று. செய்தி கொண்டு வந்திருக்கிறேன்.

சி16இ6, உலர்ந்த எத்திலம்மோனியம் நைட்ரேட், 0.2 விழுக்காடு நீர், 45 டிகிரி. தகட்டில் கரைப்பான் பக்கத்திலிருந்து முதலில் விசிறிக் கோலம். ஊசியால் அழுத்திப் பார்த்தேன், பிசைந்து நகர்ந்தது. நெடுங்கணக்கு ஐயாவுக்கு நன்றி.

கனஅளவில் சரிபாதிக் கலவை ஒன்றைத் தயாரித்துச் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கு அனுப்பினேன். முகடுகள் 0.109, 0.189, 0.218 (ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ் அலகில்). விகிதம் 1 : 1.73 : 2. முதல் முகட்டுக்கு இடைவெளி 57.6 ஆங்ஸ்ட்ராம், உருளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவு 66.5 ஆங்ஸ்ட்ராம்.

நெடுங்கணக்கு எழுதியது:

1 : √3 : 2. அறுகோண நிலைமை, ஐயமே இல்லை. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்!

மேலே கணக்குப் போடுவோம். 16 கார்பன் சங்கிலியின் கனஅளவு டான்ஃபோர்டுப்படி 458 கன ஆங்ஸ்ட்ராம். தலைக்குச் சுமார் 400 என்று வைத்தால், பாதிக் கலவையில் எண்ணெய்ப் பகுதியின் பங்கு 0.27. அதிலிருந்து உருளையின் ஆரம் 18 ஆங்ஸ்ட்ராம். முழு நீளச் சங்கிலி 21.7, ஆரம் அதற்குள் அடங்குகிறது, நல்ல அறிகுறி. உருளைப் பரப்பில் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடம் சுமார் 51 சதுர ஆங்ஸ்ட்ராம். இஸ்ரேலாச்விலியும் மிட்செல்லும் நின்ஹாமும் 1976இல் கொடுத்த அடுக்கமைவு எண், அதாவது கனஅளவை இடத்தாலும் நீளத்தாலும் வகுத்தது, 0.41. மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில் வந்தால் உருளை என்பது அவர்கள் கணிப்பு.

படிகவிழி எழுதியது:

அப்படியானால் 66.5இல் இரு பக்க ஆரமாக 36 போக, மீதி 30 ஆங்ஸ்ட்ராமில் தலையடுக்கு எவ்வளவு, இடையில் உள்ள கரைப்பான் எவ்வளவு என்று முகடுகளின் செறிவிலிருந்து பிரித்துவிடலாமா?

தழல் எழுதியது:

எக்ஸ் கதிரால் முடியாது. எலக்ட்ரான் அடர்த்தியைப் பாருங்கள், கன ஆங்ஸ்ட்ராமுக்கு எத்தனை எலக்ட்ரான் என்று. எண்ணெய்க் கருவுக்கு 0.28. எத்திலீன் ஆக்சைடுக்கு 0.37. எத்திலம்மோனியம் நைட்ரேட்டுக்கு 58 எலக்ட்ரான், 148 கன ஆங்ஸ்ட்ராம், ஆகவே 0.39. தலையும் கரைப்பானும் எக்ஸ் கதிருக்கு ஏறத்தாழ ஒரே நிறம். கரு மட்டும்தான் துல்லியமாகத் தெரிகிறது. நீரில் இந்த எண் 0.334, அங்கே தலையடுக்குத் தனியாகத் தெரிந்ததால் இங்கேயும் தெரியும் என்று எண்ணிவிட்டீர்கள்.

நியூட்ரானுக்குப் போக வேண்டும். நைட்ரஜன் மேலுள்ள மூன்று ஹைட்ரஜன்களைக் கனநீரோடு கலந்து டியூட்டீரியமாக மாற்றலாம். எத்தில் குழுவின் ஐந்தும் அப்படியே இருக்கும். அதுவே போதும். சிதறல் நீள அடர்த்தி (ஒரு பொருள் நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதன் அளவு), மில்லியனில் ஒரு பங்கு என்ற வழக்கமான அலகில், கரைப்பானுக்கு 3.4, தலைக்கு 0.6, கருவுக்குச் சுழிக்குச் சற்றுக் கீழே. எக்ஸ் கதிர் கருவின் எல்லையைக் கொடுக்கும், நியூட்ரான் தலையின் வெளி எல்லையைக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

உப்போடை எழுதியது:

பரிமாற்றத்தைப் பல சுற்றுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கனநீரைச் சேர்த்து, வெற்றிடத்தில் நீக்கி, மீண்டும் சேர்த்து. கடைசிச் சுற்றுக்குப் பின் முன்பு போலவே முழுதும் உலர்த்துங்கள். கனநீர் தங்கினாலும் முதல் புட்டியின் கதைதான். கார்ல் ஃபிஷர் கனநீரோடும் வினை புரியும். ஆனால் கருவி 18 என்ற மூலக்கூறு நிறையை வைத்துக் கணக்கிடும், நீங்கள் 20க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

படிகவிழி எழுதியது:

குறித்துக்கொண்டேன். முதல் சுற்றை இன்று மாலையே தொடங்குகிறேன். முதல் புட்டியை இன்னும் கொட்டவில்லை. "11 விழுக்காடு நீர்" என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதிலும் சி16இ6ஐ ஒரு முறை ஓட்டிப் பார்த்து, உருளைகளுக்கு இடையிலான தொலைவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்கிறேன்.